குற்றவியல் முதுகலைப் படிப்பு: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் குற்றவியல் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சென்னைப் பல்கலைக்கழகத்தையோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தையோதான் முதலில் விசாரிக்கிறார்கள். பல்கலைக்கழகத் துறை ஒன்றில் இந்த இரண்டாண்டு முதுகலைப் படிப்பை முடித்தவன் என்ற முறையில், சேரப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

கைரேகை, இரத்தக்கறை, ஆய்வகம் ஆகியவற்றை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாற்றமடைவார்கள். அவை தடய அறிவியலைச் சேர்ந்தவை. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்விலும் இரண்டும் வெவ்வேறு பாடங்களாகவே உள்ளன. குற்றம் ஏன் நிகழ்கிறது, சமூகம் அதை எப்படி எதிர்கொள்கிறது, தண்டனை எதைச் சாதிக்கிறது என்பவையே இங்கே கேள்விகள்.

இப்படிப்பில் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், குற்றப் புள்ளிவிவரங்களைப் படிக்கக் கற்றுத் தரும் வகுப்பு என்று தயக்கமின்றிச் சொல்வேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளை முன்னே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று எங்கள் பேராசிரியர் கேட்கச் சொன்னார். ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் கடுமையானது மட்டுமே கணக்கில் ஏறும் என்பதால், வீடு புகுந்து திருடியவர் வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டால் அது கொலையாகப் பதிவாகுமே தவிர, திருட்டு எண்ணிக்கையில் சேராது. காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோன புகார், முதல் தகவல் அறிக்கையாக மாறாத வரையில் இந்த அட்டவணைக்குள் வருவதே இல்லை. ஒரு மாநிலத்தில் குற்றம் கூடியிருக்கிறது என்ற செய்தியைப் பார்த்தவுடன், கூடியது குற்றமா, பதிவா என்று கேட்கும் பழக்கம் இந்த வகுப்பில்தான் எனக்கு வந்தது.

கோட்பாட்டுத் தாள்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பெக்காரியா, லொம்ப்ரோசோ, சதர்லாந்து, மெர்டன் என்று மேலை நாட்டுச் சிந்தனையாளர்களை வரிசையாகப் படிக்கிறோம். மனிதன் பிறவியிலேயே குற்றவாளியாக இருக்கக்கூடும் என்று இத்தாலியரான லொம்ப்ரோசோ 1876இல் எழுதியதை விரிவாக விவாதித்தோம். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1871இல், முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று கருதும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஆங்கிலேய அரசு இந்தியாவில் இயற்றியிருந்ததும், பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட அச்சட்டத்தை எதிர்த்து உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மக்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததும் எங்கள் பாடத்தில் ஓரிரு வரிகளாகவே இருந்தன. நம் மண்ணில் சட்டமாகவே நடைமுறையில் இருந்த ஒரு கோட்பாட்டை இத்தாலியச் சான்றுகளை மட்டும் கொண்டு கற்பிப்பது பெருங்குறை.

களப்பணி ஆசிரியரின் அக்கறையைப் பொறுத்தே அமைகிறது. எங்கள் சிறைப் பார்வை, சுற்றிக்காட்டுவதோடு முடிந்துவிட்டது. மாறாக, குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் முறையைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலரோடு இருந்த நாள்கள் மிகுந்த பயனளித்தன. நீதிமன்றம் கேட்கும் விசாரணை அறிக்கைக்காக ஒருவரின் வீட்டுக்குச் சென்று, குடும்ப வருமானம், வேலை, அக்கம்பக்கத்தார் கருத்து ஆகியவற்றை அந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டு எழுதியதைப் பார்த்தபோது, 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் எப்படி இயங்குகிறது என்பது புரிந்தது.

பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்வழியில் பயின்று வருபவர்களுக்கு முதல் பருவம் கடினமாக இருக்கும். மூத்த மாணவர்களின் குறிப்புகளையும் அப்படியே நம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 அல்ல, 103.

உதவி ஆய்வாளர் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். அதற்காக மட்டும் இப்படிப்பில் சேரத் தேவையில்லை. குழந்தைகள் பாதுகாப்பு, சிறைச் சீர்திருத்தம், பாதிக்கப்பட்டோர் நலன், ஆய்வு ஆகியவற்றில் நாட்டம் உள்ளவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். சேருமுன் களப்பணி எத்தனை வாரம், எந்த அலுவலகத்தில் என்று துறையில் நேரில் கேளுங்கள்; தெளிவான பதில் கிடைக்கவில்லையென்றால் வேறு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.