உலக ஸ்னூக்கர் அரையிறுதி டிக்கெட் என்று சொல்லி 372 பவுண்டைச் சுருட்டிவிட்டார்கள்: மறுவிற்பனைத் தளத்தில் வாங்கும் முன் படியுங்கள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் கிருசிபிள் தியேட்டரில் நடக்கும் உலக ஸ்னூக்கர் (மேசையில் கோலால் பந்துகளைக் குழியில் தள்ளும் ஆட்டம்) சாம்பியன்ஷிப்புக்கு மறுவிற்பனைத் தளத்தில் டிக்கெட் வாங்கப் போகிறீர்களா? கார்டு நம்பரை அடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அரையிறுதிக்கு இரண்டு டிக்கெட், ஒன்று 155 வீதம் 310 பவுண்டு, அதற்கு மேல் "சேவைக் கட்டணம்" 62, ஆக மொத்தம் 372 பவுண்டு கட்டினேன். வந்து சேர்ந்தவை இரண்டு நாள் முன்பே ஆடி முடித்துவிட்ட காலிறுதி செஷனுக்கான (ஆட்டத்தின் ஒரு அமர்வுக்கான) டிக்கெட்டுகள். பணம் இன்னும் திரும்பவில்லை.

தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. கால்பந்து, இசைக் கச்சேரி, டென்னிஸ் என்று எல்லாவற்றுக்கும் ரசிகர்களே ரசிகர்களுக்கு விற்பதாக விளம்பரம் செய்கிற வகை. தளம் எதுவானாலும் ஸ்னூக்கரில் ஏமாற்ற வசதியான ஓட்டை ஒன்றுதான். அதைத்தான் விளக்க வேண்டும்.

கால்பந்து ஆட்டம் ஒன்றுக்கு ஒரு நாள், ஒரு நேரம், ஒரு டிக்கெட். இந்தப் போட்டி அப்படி இல்லை. 32 பேர், 17 நாள், பெரும்பாலான நாட்களில் காலை 10, மதியம் 2.30, இரவு 7 என்று மூன்று செஷன். ஒரே ஆட்டத்தைத் துண்டு துண்டாக ஆடுவார்கள். ஒரு ஆட்டம் என்பது பல ஃபிரேம், அதாவது பல சிறு ஆட்டங்கள் சேர்ந்தது; இங்கே சொல்வது அதிகபட்ச எண்ணிக்கை, அதில் பாதிக்கு மேல் முதலில் எடுப்பவருக்கே வெற்றி. முதல் சுற்று 19 ஃபிரேம், இரண்டு செஷன். இரண்டாம் சுற்றும் காலிறுதியும் 25 ஃபிரேம், மூன்று செஷன். அரையிறுதி 33 ஃபிரேம், நான்கு செஷன்: 8, 8, 8, 9. இறுதி ஆட்டம் 35 ஃபிரேம், இரண்டு நாளில் நான்கு செஷன். டிக்கெட் ஒரு செஷனுக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் மறுவிற்பனைத் தளத்தில் இந்த 17 நாளும் "உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப், ஷெஃபீல்ட்" என்ற ஒரே நிகழ்ச்சியாகப் பதிவாகியிருக்கிறது. மோசடிக்கு இடம் கொடுப்பது அந்த ஒற்றை வரிதான்.

காலிறுதி முடியும்வரை அரங்கில் இரண்டு டேபிள், நடுவில் ஒரு தடுப்பு. இடப்பக்கம் உட்கார்ந்தால் ஒரு டேபிள், வலப்பக்கம் உட்கார்ந்தால் இன்னொன்று. அரையிறுதி தொடங்கும்போது தடுப்பை எடுத்துவிட்டு ஒரே டேபிளை நடுவில் போடுவார்கள். ஏறத்தாழ 980 இருக்கை மட்டுமே உள்ள அரங்கு அது. மொத்தக் கூட்டமும் ஒரே டேபிளைச் சுற்றி உட்காரும்போது கோல் நுனியில் சாக் (சுண்ணக்கட்டி) தேய்க்கும் சத்தம்கூடக் கேட்கும். அரையிறுதிக்கு அவ்வளவு கிராக்கி இருப்பது அதனால்தான். விற்றவனுக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விளம்பரத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்: "அரையிறுதி, வெள்ளி இரவு 7 மணி, மூன்றாவது செஷன், 8 ஃபிரேம், ஒற்றை டேபிள், வரிசை சி, இரண்டும் அடுத்தடுத்த இருக்கை." பக்கத்திலேயே நடுவில் ஒரே டேபிள் வரைந்த இருக்கைப் படம். நம்ப வைத்தது இந்த விவரம்தான். ஸ்னூக்கர் தெரியாத கள்ளச்சந்தைக்காரன் "செமி ஃபைனல் விஐபி" என்று போட்டுவிட்டுப் போயிருப்பான். மூன்றாவது செஷனில் 8 ஃபிரேம் என்று எழுதுகிறவன் அரங்குக்குப் போய்வந்த ரசிகனாகத்தான் இருப்பான் என்று யாருக்கும் தோன்றும். செஷன் கணக்கு சரி, நேரம் சரி. இருக்கை எண் மட்டும் இல்லை. "வாங்கிய பிறகு தெரிவிக்கப்படும்" என்று இருந்தது. அதற்குக் கீழே பச்சை நிறத்தில் தளத்தின் "100% உத்தரவாதம்".

பணம் போன நிமிடமே உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்துவிட்டது. அதில் செஷன் இல்லை, கிழமை இல்லை. நிகழ்ச்சியின் பெயரும் 17 நாள் தேதி வரம்பும் மட்டும் இருந்தன. டிக்கெட் எப்போது வரும் என்று கேட்டால் "நிகழ்ச்சிக்கு 48 மணி நேரம் முன்பு" என்றார்கள். புதன் இரவு வரை வரவில்லை. வியாழன் இரவு 11 மணிக்கு ஒரு பிடிஎஃப் வந்தது. திறந்தால்: செவ்வாய் காலை 10 மணி, காலிறுதி, டேபிள் 2. அந்த செஷன் முடிந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. வாங்கியவர் பெயர் என்று யாரோ ஒருவர் பெயர்.

அதன் பிறகு தளத்தின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து கிடைத்த பதில்களைக் கேளுங்கள். முதல் ஆள், "விற்பனையாளர் செல்லுபடியாகும் டிக்கெட்டைத்தான் அனுப்பியிருக்கிறார், நிகழ்ச்சியின் பெயர் பொருந்துகிறது" என்றார். செஷன் வேறு என்று சொன்னதற்கு, "அதிலும் 8 ஃபிரேம்தானே" என்று பதில். காலிறுதியின் முதல் செஷனிலும் 8 ஃபிரேம் என்பது உண்மைதான். அதற்காக முடிந்துபோன காலிறுதியும் வெள்ளி இரவு அரையிறுதியும் ஒன்றாகிவிடுமா? இரண்டாவது ஆள், "நிகழ்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, முடிந்த பிறகுதான் புகாரைத் திறக்க முடியும்" என்றார். திங்கள் இறுதி ஆட்டம் முடிந்தபின் எழுதினால் மூன்றாவது ஆள், "டிக்கெட்டில் உள்ள செஷன் முடிந்து 48 மணி நேரத்துக்குள் புகார் தந்திருக்க வேண்டும்" என்கிறார். டிக்கெட் கைக்கு வந்தபோதே அந்த 48 மணி நேரம் தாண்டியிருந்தது! கடைசியாக, அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள 40 பவுண்டு கூப்பன் தருகிறார்களாம். போனது 372 பவுண்டு. அந்தத் தளத்திலேயே மறுபடி செலவு செய்ய 40 பவுண்டு எதற்கு?

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் மறுவிற்பனை டிக்கெட்டுக்கென்றே விதி வைத்திருக்கிறது. இருக்கை எது, அசல் விலை என்ன, பயன்படுத்தக் கட்டுப்பாடு உண்டா என்பதையெல்லாம் வாங்கும் முன்பே காட்ட வேண்டும். இந்த விளம்பரத்தில் அசல் விலையும் இல்லை, இருக்கை எண்ணும் இல்லை. அதைச் சுட்டிக்காட்டியதற்கு "எங்கள் விதிமுறைகளைப் பார்க்கவும்" என்று ஒரு இணைப்பு அனுப்பினார்கள். இப்போது அந்த விளம்பரப் பக்கமே இல்லை. டெபிட் கார்டில் கட்டியதால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டிருக்கிறேன். கையில் இருக்கும் ஒரே ஆதாரம் வாங்கும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்.

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை, அவசரமாகச் சிலது சொல்கிறேன். விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் கிழமையும் நேரமும் செஷனும் இல்லையென்றால் அந்த நிமிடமே எழுத்தில் கேளுங்கள். காலிறுதி வரையான டிக்கெட் என்றால் டேபிள் 1 அல்லது 2 என்று இருக்க வேண்டும். மாதக்கணக்கில் முன்பே "ஓ'சல்லிவன் ஆடும் முதல் சுற்று" என்று பிரபல வீரர் பெயரைச் சொல்லி எவனாவது விற்றால் பொய். தகுதிச் சுற்று முடிந்து போட்டி தொடங்கச் சில நாள் இருக்கும்போதுதான் குலுக்கல் நடக்கும், அதற்கு முன் யார் யாரோடு என்று எவனுக்கும் தெரியாது.

அரையிறுதியின் நான்காவது செஷனை மறுவிற்பனையில் தொடவே தொடாதீர்கள். 17 ஃபிரேம் எடுத்தால் ஆட்டம் முடிந்தது. 2025இல் சீன வீரர் ஜாவோ ஷின்டாங் ஓ'சல்லிவனை 17-7 என்று மூன்றாவது செஷனோடு முடித்துவிட்டார், நான்காவதுக்கு ஆட்டமே இல்லை. அப்படி ஆனால் அமைப்பாளர்கள் பேசுவது முதலில் வாங்கியவரின் கணக்கோடுதான், உங்களோடு இல்லை.

ஒரு டிக்கெட் 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே பணத்தைக் கேட்டுப் பார்க்க வழி இருக்கும். இடைத்தரகர் தளம் என்றால் அதிலும் சிக்கல் வரலாம். விளம்பரப் பக்கத்தை முழுதாக, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போட்டி அமைப்பாளர்கள் தங்கள் தளத்தில் காட்டும் விற்பனை இடத்தைத் தவிர வேறெங்கும் வாங்காமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது. இதே மாதிரி செஷன் மாறிய டிக்கெட் வேறு யாருக்காவது வந்திருந்தால் உங்கள் வங்கி என்ன பதில் சொன்னது என்று எழுதுங்கள், என் புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.