குரோம் பம்பருக்கு மேல் பெயின்ட்: பணம் கொடுக்கும் முன் தின்னர் பஞ்சால் துடைத்துப் பாருங்கள்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. "குரோம் ஃபினிஷ் பண்ணித் தர்றோம், பிளேட்டிங் செலவுல பாதிகூட ஆகாது" என்று சொன்ன ஒரு பெயின்டிங் ஷெட், பம்பர், வீல் கப், டோர் ஹேண்டில் எல்லாவற்றையும் வாங்கிவைத்து, முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்த சாமான்களின் நிலை இது. டெலிவரி அன்று முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. முதல் மழைக்கே பம்பரின் கீழ் விளிம்பில் கொப்புளம் கிளம்பியது. நகத்தால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஏடாக உரிகிறது. அடியில் பழைய குரோம் துளிக் கீறல் இல்லாமல் மின்னுகிறது.

அந்த மினுமினுப்பே போதும், உப்புத்தாள் அந்தப் பம்பரைத் தொடவே இல்லை என்று சொல்ல. பில்லில் "எபாக்சி பிரைமர், பி.யு. கிளியர்" என்று, அதாவது இறுகப் பிடிக்கும் எபாக்சி அடிப்பூச்சும் மேலே பாலியூரித்தேன் தெளிபூச்சும் என்று, எழுதியிருக்கிறது. ஆனால் என்.சி. தின்னரில் (சாதாரண லாக்கர் பெயின்டைக் கரைக்கும் திரவம்) நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்து எடுத்தால் வெள்ளி நிறம் முழுக்கப் பஞ்சில் வந்துவிடுகிறது. ஹார்டனர் (இறுக வைக்கும் ரசாயனம்) கலந்து அடித்து நன்றாக இறுகிய டூ-கே, அதாவது இரண்டு பாகம் கலக்கும், கிளியர் அப்படிக் கரையாது. அடித்தது ஸ்ப்ரே டப்பா.

குரோம் என்பது இரும்பின் மேல் ஒரே பூச்சு அல்ல. பளபளப்புக்கும் காவலுக்கும் அடியில் நிக்கல். அதன் மேல் உள்ள குரோமியம் அரை மைக்ரான்கூட இருக்காது. அந்த மெல்லிய படலம் வழுவழுப்பானது. காற்றுப் பட்டதும் தன்மேல் ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்வதால் ரசாயனமாகவும் எதனுடனும் எளிதில் சேராது. 'எட்ச் பிரைமர் அடிச்சா பிடிச்சுக்கும்' என்பார்கள். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் வெறும் இரும்பில் வேலை செய்யும், குரோமில் பல் பதியாது. உப்புத்தாள் கீறலும் எபாக்சியும்தான் வழி.

'குரோம் ஸ்ப்ரே' பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதன் மினுமினுப்பு, மேலே மிதந்து படியும் அலுமினியத் துகள்களால் வருவது. கிளியர் அடித்தால் துகள் கலைந்து சாம்பல் வெள்ளியாக மங்கிவிடும். அடிக்காவிட்டால் கை பட்டாலே கறுப்பாக ஒட்டும். மழையும் வெயிலும் படும் பம்பருக்கு அது ஆகவே ஆகாது. வீட்டில் பெயின்ட் அடித்தால் கிடைப்பது நல்ல சில்வர். அசல் குரோம் வேண்டுமென்றால் பிளேட்டிங் ஒன்றே வழி, அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டோர் ஹேண்டிலுக்கு நடந்தது இன்னும் கொடுமை. பழைய குரோம் செதில் விட்டிருந்ததால் உரசச் சோம்பல்பட்டு ஆசிடில் போட்டிருக்கிறார்கள். ஹேண்டில் இரும்பு இல்லை, துத்தநாகத்தை உருக்கி அச்சில் வார்த்த டை-காஸ்ட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் குரோமை உரிப்பதோடு நிற்காது, துத்தநாகத்தையே தின்னும். முனைகள் மழுங்கி, உள்ளே மரை கரைந்து, இப்போது ஸ்க்ரூ பிடிக்கவில்லை. குழிகளைப் பட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள். கொடுக்கும் முன் காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்பில் சட்டென்று ஒட்டும். டை-காஸ்டில் ஒட்டாது, அல்லது மேலே உள்ள நிக்கலால் லேசாக இழுக்கும். அப்படிப்பட்ட சாமான் ஆசிட் தொட்டிக்குப் போகவே கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

இதே வேலையை வீட்டில் ஒழுங்காகச் செய்யலாம். பம்பரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வேக்ஸ்-கிரீஸ் ரிமூவரால் துடையுங்கள். நனைத்த துணி ஒன்று, காயுமுன் துடைத்தெடுக்க வேறு துணி ஒன்று. உரசும் முன்பே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் டேஷ்போர்டு பாலிஷின் சிலிகான் கீறலுக்குள் இறங்கி, பெயின்டில் வட்ட வட்டமாகக் குழி விழும்.

பிறகு வாட்டர் பேப்பர், அதாவது நனைத்து உரசும் உப்புத்தாள். செதில் விட்ட இடத்தில் 180 நம்பர், மற்ற இடத்தில் 240, கடைசியாக முழுவதும் 320. தண்ணீரோடுதான் உரச வேண்டும், முகக்கவசமும் கையுறையும் போட்டு; அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. பேட்டரி சார்ஜர் வைத்துக் குரோமை உரிக்கும் வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம், அதில் உண்டாகும் ஆறு-இணைதிறக் குரோமியம் கொடிய நஞ்சு. தூக்கிக்கொண்டு நிற்கும் குரோமின் விளிம்பை, அது கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம் வரை உரசித் தள்ளுங்கள். விட்டால் நாளைக்கு அது பெயின்டையும் சேர்த்துக்கொண்டு உரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பளபளப்புப் புள்ளிகூடத் தெரியக் கூடாது. போல்ட் ஓட்டையைச் சுற்றியும் மடிப்பின் உள்ளேயும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். துருக் குழிகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் துரு நீக்கி போட்டு, கழுவி, அன்றே உலர்த்துங்கள்.

மறுபடி துடைத்து, சில மணி நேரத்துக்குள் டூ-கே எபாக்சி பிரைமர் மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் 15 முதல் 20 நிமிடம். கலவை விகிதம் டப்பாவில் உள்ளபடியே, கண்ணளவு வேண்டாம். பம்பரின் உள்பக்கத்துக்கும் கட்டாயம் அடியுங்கள். பிளேட்டிங் அங்கே மெலிதாகத்தான் விழுந்திருக்கும், துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பட்டி தேவைப்பட்டால் எபாக்சிக்கு மேல்தான். அடுத்த கோட் அடிக்க டப்பாவில் சொன்ன நேரம் தாண்டிவிட்டால் 400-ல் உரசிவிட்டு, இல்லாவிட்டால் நேராகவே, சில்வர் பேஸ் (நிறப் பூச்சு) இரண்டு கோட், டூ-கே கிளியர் இரண்டு கோட். ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் அதற்குப் போதாது, முறையான ரெஸ்பிரேட்டர் இல்லாமல் ஸ்ப்ரே கன்னைத் தொடாதீர்கள். ஐப்பசி மழை ஈரத்தில் அடிக்காதீர்கள், 85 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் வேலை கெடும். ஒரு வாரம் இறுக விட்டுப் பொருத்துங்கள். பெயின்ட் முழுக்க இறுகாமல் இருக்கும்போது போல்டை முறுக்கினால் வாஷர் அடியில் பெயின்ட் வெடித்து, தண்ணீர் அந்த வழியே உள்ளே போகும்.

ஷெட்டில் கொடுப்பதாக இருந்தால், உரசி முடித்தபின் பிரைமர் அடிக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஹார்டனர் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். பெயின்ட் இறுகியபின் பம்பரின் பின்பக்கத்தில் பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் கட்டம் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். சதுரங்கள் டேப்போடு வந்தால் பாக்கிப் பணம் தர வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: உரியும் பெயின்டின் மேல் இன்னொரு கோட் அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயின்ட் ரிமூவர் போட்டு முழுவதும் எடுத்துவிட்டு, 240-லிருந்து தொடங்குங்கள். மரை கரைந்த ஹேண்டிலுக்கு வேறு ஹேண்டில்தான் தேட வேண்டும்.