முதல் மாலை நேர டாப்: இரண்டு துண்டா, வட்டப் பின்னலா?

முதன்முதலாக டாப் பின்ன உட்காருபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு செவ்வகங்களைப் பின்னித் தைக்கலாம். அல்லது சர்க்குலர் ஊசியில் (வளையும் கம்பியால் இணைந்த இரட்டை முனை ஊசி) வட்டமாக, கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தையலே இல்லாமல் பின்னி இறக்கலாம்.

வட்டப் பின்னலில் அவ்வப்போது போட்டுப் பார்த்து நீளத்தை முடிவு செய்யலாம். அது பெரிய வசதி. எல்லாச் சுற்றும் நிட் (நேர்ப் பின்னல்) போட்டாலே ஸ்டாக்கினெட் என்னும் வழவழப்பான பரப்பு வந்துவிடும், பர்ல் (மறுபுறப் பின்னல்) வேண்டாம். ஆனால் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் ராக்லன் தோளுக்கு ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் 8 கண்ணிகள் (ஊசியில் ஏறும் நூல் வளையங்கள்) கூட்ட வேண்டும். முதல் சுற்றை இணைக்கும்போது கண்ணி வரிசை முறுக்கிக்கொண்டால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

செவ்வகத்தில் கணக்கு எளிது. முதலில் பின்னிப் பார்க்கும் மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் வருகிறதா? 50 செ.மீ. அகலத்துக்கு 110, ஓரத் தையலுக்கு 2. அவ்வளவுதான். மேல் விளிம்பின் நடுவே தலை நுழையும் அளவு விட்டு இருபுறமும் தோளைத் தைத்தால் போட் நெக் (தோளோடு தோள் அகன்ற கழுத்து) தானாக அமையும்.

என் ஓட்டு செவ்வகத்துக்குத்தான், காரணம் நூல். மாலை உடை என்றாலே விஸ்கோஸ், பட்டு, மினுமினுக்கும் லூரெக்ஸ் இழை என்று மனம் போகும். விஸ்கோஸும் பட்டும் கம்பளிபோலச் சுருங்கி மீளாது. தன் கனத்திலேயே தொங்கி நீளும். தோள் தையலும் பக்கத் தையலும் அந்த இழுப்பைத் தாங்கிப் பிடிக்கும். வழுக்கும் நூலுக்கு மூங்கில் ஊசி எடுங்கள். மாதிரித் துண்டை நனைத்து, காயவைத்து, தொங்கவிட்ட பிறகே அளவெடுங்கள்.