கடைக் கொத்தா, ரூம் கொத்தா?

கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலைப் பக்கம் ரூம் எடுத்துப் படிக்கிற ஆக்களுக்கு ராவானா வயிறு கேக்கிறது கொத்து ரொட்டிதான். கடைக் கொத்து எண்டா அந்தத் தகட்டில தட்டுற சத்தத்துக்கே பசி கூடிரும், ருசியில அத அடிக்க ஏலாது, ஒத்துக்கிறன். ஆனா அது வெள்ளைக் கோதுமை மா (மைதா) பராட்டா, குழைக்கக்குள்ள எண்ணெய், வீசக்குள்ள எண்ணெய், பிறகு தகட்டிலயும் எண்ணெய், மேலால ஆணம் (குழம்பு), மரக்கறி எண்டு பேருக்கு ரெண்டு லீக்ஸ் துண்டு.

ரூம்ல செய்யிறதெண்டா ஆட்டா மா ரொட்டியக் காலையிலயே கொஞ்சம் கூடச் சுட்டு வைங்க, ஆறின ரொட்டியப் பிச்சுப் போட்டாத்தான் களியாகாம வரும். தவிடு கிடக்கிறதால நார்ச்சத்துக் கூட, வயிறும் கனநேரம் தாங்கும். கோவா (முட்டைக்கோஸ்), கரட், லீக்ஸ் எல்லாம் ரொட்டி அளவுக்கே போடலாம், ஒரு முட்டை (புரதம் 6 கிராம் மட்டில வரும்), கோழிக்குப் பதிலா சோயாமீட், அதச் சுடுதண்ணில ஊறவச்சு நல்லாப் பிழிஞ்சிட்டுப் போடணும் இல்லாட்டி அந்த மணம் போகாது. காஞ்ச சோயாவில பாதிக்குக் கிட்டப் புரதம்தான், கோழி விலையோட பாத்தா பேசவே தேவையில்ல. பக்கற்றோட வாற மசாலாவில பாதி காணும், உப்பு ஏறிரும்.

ஒரு ஆளுக்கு மட்டும் எண்டா காஸ், நேரம் எல்லாம் பாத்தாக் கடை பெரிய நட்டமில்ல. நாலு பேர் சேர்ந்தா ரூம் கொத்துத்தான். சோதனை முடிஞ்ச ராவில கடைக்குப் போங்க, சீஸ் போட்ட கொத்து மட்டும் வேணாம்.