மூடியைச் சாத்தினாலும் நிற்காத டபிள்யூகெட்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது சிங்கப்பூரின் ஈசூனில். வாடகைக்கு எடுத்த சர்வர் இருப்பது ஜெர்மனியில். அதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரைக் கோப்பு வேண்டியிருந்தது. சுருக்கிய நிலையிலேயே 20 ஜிபிக்கு மேல். நான் அதை மடிக்கணினியில் இறக்கி, அங்கிருந்து சர்வருக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். தங்கை கணவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தேக்காவில கடை வச்சிக்கிட்டு, தேக்கா மார்க்கெட் வெங்காயத்த ஈசூனுக்குத் தூக்கிட்டு வந்து திரும்பக் கொண்டுபோவீங்களா மச்சான்?”

சரி என்று, தூரத்துக் கணினிக்குள் நுழைந்து கட்டளை தர உதவும் எஸ்எஸ்ஹெச் (ssh) வழியாக சர்வருக்குள் போய், அங்கேயே கோப்பை இறக்கும் கர்ல் (curl) கட்டளை கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்தபோதே மடிக்கணினியை மூடிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் பார்த்தால் 11 ஜிபியோடு செத்துக் கிடந்தது. இணைப்பு அறுந்ததும், நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

அதே அரைகுறைக் கோப்பு இருந்த இடத்தில், கர்லைப் போலவே கோப்பு இறக்கும் டபிள்யூகெட்டை (wget) ‘மைனஸ் சி’ (-c) சேர்த்து ஓட்டினேன். 11 ஜிபியை அப்படியே வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கேட்டு வாங்கியது. கோப்பைத் தரும் சர்வர் இதற்கு ஒத்துழைக்க வேண்டும், இங்கே ஒத்துழைத்தது. பழக்கதோஷத்தில் மறுபடியும் மூடியைச் சாத்திவிட்டேன். இது நிற்கவில்லை! திரை போனதும் ‘டபிள்யூகெட்-லாக்’ என்று ஒரு கோப்பைத் திறந்து, அதில் எழுதிக்கொண்டே வேலையை முடித்திருந்தது. 1996இல் வந்த இலவச மென்பொருள், டயல்-அப் காலத்துப் பிள்ளை. இணைப்பு அறுவதெல்லாம் அதற்குப் பழகிய சங்கதி.

கர்லைக் குறை சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர அதிலும் வழி உண்டு, டபிள்யூகெட்டைப் போலவே கேட்டால்தான் செய்யும்.

டபிள்யூகெட்டின் மேல் எனக்கு ஒரு கோபம், கோப்புக்கு அது வைக்கும் பெயர். லிங்கில் கேள்விக்குறி இருந்தால் அதன் பின்னால் உள்ளதெல்லாம் பெயரோடு ஒட்டி முழ நீளத்துக்கு வரும். ‘மைனஸ் பெரிய ஓ’ (-O) போட்டு நாமே பெயர் வைப்பது நல்லது. அப்புறம், லிங்கை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஒருமுறை போடாமல் விட்டேன். நடுவிலிருந்த ‘அண்டு’ குறியோடு (&) ஷெல் லிங்கை வெட்டிவிட்டது. ஜிப் கோப்பு என்று நினைத்துத் திறந்தால், உள்ளே 9 கேபி உள்நுழைவுப் பக்கம்.

இப்போதெல்லாம் ‘மைனஸ் பி’ (-b) போட்டுப் பின்னணியில் ஓடவிட்டு, காலை ரயிலில் கைபேசி வழியாக லாக்கின் கடைசி வரிகளைப் பார்க்கிறேன். நேற்று பீஷானில் 61 விழுக்காடு, ராஃபிள்ஸ் பிளேசில் 74.