மலிவு கன்டென்சர் மைக்: அவுட்புட்டைத் திருத்தினால் வேறு மைக்

அப்படியே மாட்டிப் பேசுவதற்கு என்றால் இந்த மைக்கை வாங்க வேண்டாம். திறந்து சாலிடரிங் அயர்னை வைக்கத் தயார் என்றால் தாராளமாக வாங்கலாம். உலோக உடம்பு, கெட்டியான வலை, உள்ளே இருப்பது சின்ன எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல்தான் (ஒலியைப் பிடிக்கும் பகுதி) என்றாலும் குரலின் மேல்பகுதியைச் சுத்தமாகவே எடுக்கிறது. கெடுப்பதெல்லாம் அவுட்புட் பகுதி.

வந்தபோது குரல் மெலிந்து கேட்டது, கனத்த ஆண் குரலுக்கு அடிப்பகுதியே இல்லை, நீளமான கேபிள் போட்டால் ஹம் (கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம்) வேறு. பலகையைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே காரணம்தான். கேபிள் மாட்டும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கனெக்டரில், சிக்னல் போகும் பின் 2, பின் 3 இரண்டுக்கும் தலா 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். சிக்னலின் வழியில் இரண்டும் தொடராக வருவதால் 0.5 ஆகிவிடுகிறது, பிரீஆம்பின் (மைக் சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) இன்புட் 1.5 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 212 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும், அதற்குக் கீழே போகப் போக இன்னும் சரியும். ஹம் விஷயத்துக்கு வந்தால், 1 மைக்ரோஃபாரட் என்பது 50 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 3,200 ஓம். இந்த மாதிரி எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரில் 20 சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், அப்படியானால் இரண்டு பின்களுக்கும் நடுவே சில நூறு ஓம் வித்தியாசம் வந்துவிடும், பேலன்ஸ்டு லைன் (ஒரே சிக்னலை இரண்டு கம்பிகளில் கொண்டுபோகும் இணைப்பு) ஹம்மை அடித்துவிடுவதே இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால்தானே!

மாற்றியது இந்த இரண்டு கெப்பாசிட்டர்களை மட்டும்தான்: 47 மைக்ரோஃபாரட், 63 வோல்ட். பான்டம் (கேபிள் வழியே மைக்குக்கு வரும் மின்சாரம்) 48 வோல்ட் என்பதால் 63-ஐவிடக் குறைந்த வோல்டேஜ் போட வேண்டாம், பிளஸ் கால் எக்ஸ்எல்ஆர் பக்கம் இருக்க வேண்டும். அளவு கொஞ்சம் பெரிசு, படுக்க வைத்தால்தான் உடம்பு மூடும். அப்புறம், கேப்ஸ்யூலிலிருந்து எஃப்இடி (அதன் சிக்னலை முதலில் வாங்கும் டிரான்சிஸ்டர்) கேட் கால் வரைக்கும் உள்ள இடத்தைக் கையால் தொடாதீர்கள், அங்கே தடை கிகாஓம் கணக்கில் இருக்கும், விரல் பிசுக்கோ சாலிடரிங் ஃப்ளக்ஸோ பட்டால் ஈரப்பதம் ஏறும்போது படபடவென்று சத்தம் வரும். பட்டுவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

இப்போது அதே குரல் நெஞ்சிலிருந்து வருகிறது. ஹம் தேடினால்தான் கேட்கும். இவ்வளவு நல்ல கேப்ஸ்யூலை இரண்டு சின்ன உதிரிபாகங்களுக்காக முடக்கி விற்கிறார்களே என்று உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கீழ்ப்பகுதி திறந்துகொண்டதால் மேசைத் தட்டலும் "ப" சத்தமும் கூடவே உள்ளே வருகின்றன, பாப் ஃபில்டரும் பிரீஆம்பில் லோ-கட்டும் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். பான்டம் போட்டதும் சில விநாடி சேனலை மியூட்டில் வைத்திருங்கள், பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது ஸ்பீக்கரில் பலமாக இடிக்கும். பின்னணி இரைச்சல் மட்டும் பழையபடியே இருக்கிறது, அது கேப்ஸ்யூலும் எஃப்இடியும் கொடுப்பது. மெல்லிய குரலைத் தூரத்திலிருந்து பதிவு செய்கிறவர்களுக்கு இந்த மைக் திருத்திய பிறகும் சரிப்படாது.