கடிகார ஒத்திசைவு: 1588 போதுமா, 802.1ஏஎஸ்தான் வேண்டுமா?

மோட்டார் டிரைவ்கள், கேமராக்கள், ஒரு கட்டுப்பாட்டுக் கணினி. எல்லாம் ஒரு மைக்ரோ வினாடிக்குள் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். இதற்காக நான் எடைபோட்டது மூன்று வழிகளை: குரோனி என்ற மென்பொருள் மூலம் என்டிபி (கணினிகள் பரவலாகப் பயன்படுத்தும் நேர நெறிமுறை), சாதாரண ஸ்விட்ச்களின் மேல் ஐஇஇஇ 1588 பிடிபி (துல்லிய நேர நெறிமுறை), பாதையில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் நேரக் கணக்கில் பங்கெடுக்கும் ஐஇஇஇ 802.1ஏஎஸ், அதாவது பிடிபியின் கண்டிப்பான வடிவமான ஜிபிடிபி. கடைசியில் எடுத்தது ஜிபிடிபிதான்.

மூன்றுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். நேரமுத்திரை, அதாவது பாக்கெட் போன, வந்த நேரக் குறிப்பு, நெட்வொர்க் கார்டிலேயே விழ வேண்டும். மென்பொருளில் குத்தினால் இன்டர்ரப்ட், கெர்னல் வரிசை என்று பல மைக்ரோ வினாடிகள் அங்கேயே ஆடிவிடும். உங்கள் கார்டில் அந்த வசதி உண்டா என்பதை லினக்ஸில் எத்டூல் கட்டளை சொல்லிவிடும். இன்டெல் ஐ210 போன்ற கார்டுகளில் உண்டு.

குரோனியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வன்பொருள் நேரமுத்திரையோடு ஓட்டினால் உள்ளூர் நெட்வொர்க்கில் அது தரும் துல்லியம் பலரை வியக்க வைக்கும். லாக் கோப்புகளை வரிசைப்படுத்தவும் தரவுத்தளங்களுக்கும் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் அது திருத்துவது கணினியின் சிஸ்டம் கடிகாரத்தை. 802.1கியூபிவி (பாக்கெட்டுகளை நேர அட்டவணைப்படி அனுப்பும் தரநிலை) அட்டவணைப்படி எந்தப் பாக்கெட் வரிசையை எப்போது திறப்பது என்று முடிவு செய்வதோ கார்டிலும் ஸ்விட்சிலும் இருக்கும் வன்பொருள் கடிகாரம். ஸ்விட்சின் உள்ளே குரோனிக்கு வேலை இல்லை. அதனால் எங்கள் தேவைக்கு அது விலகிவிட்டது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். பிடிபியை சாதாரண ஸ்விட்ச் மேலேயே ஓட்டலாமே, முனைகளில் நல்ல கார்டு இருந்தால் போதாதா? பலரும் கேட்கும் கேள்வி, நியாயமானதும்கூட. நெட்வொர்க் காலியாக இருக்கும்போது முடிவு அழகாகவே வரும். சிக்கல் போக்குவரத்து ஏறும்போதுதான். ஒரு கிகாபிட் இணைப்பில் முழு அளவு எதர்நெட் பாக்கெட் ஒன்று வெளியேற சுமார் 12 மைக்ரோ வினாடி ஆகும். நேரச் செய்தி அதன் பின்னால் ஒருமுறை சிக்கினாலே அவ்வளவு தாமதம். போகும் வழியில் மட்டும் சிக்கி, திரும்பும் வழி காலியாக இருந்தால், அதில் பாதி, அதாவது 6 மைக்ரோ வினாடி, நேரடியாகப் பிழையாகிவிடும். இரு திசையிலும் தாமதம் சமம் என்று வைத்துத்தான் பிடிபி கணக்கே போடுகிறது. குறைந்த தாமதம் உள்ள பாக்கெட்டுகளை மட்டும் பொறுக்கும் வடிகட்டிகள் ஓரளவு உதவும். ஆனால் கட்டுப்பாட்டு நெட்வொர்க்கில் போக்குவரத்து சுழற்சி முறையில் வருகிறது. நேரச் செய்தி ஒவ்வொரு முறையும் அதே கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் பொறுக்க நல்ல பாக்கெட்டே கிடைக்காது.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. இந்தப் பிழை வெளியே தெரியாது. லினக்ஸில் பிடிபியை ஓட்டும் பிடிபி4எல் நிரலின் லாக்கில் பார்த்தால் விலகல் சில நானோ வினாடிகள் என்றே காட்டலாம். அந்த எண் நெறிமுறை தன் அனுமானத்தை வைத்துத் தானே போட்ட கணக்கு. நிலையான சமச்சீரின்மை அதில் தெரியவே தெரியாது. உண்மை தெரிய இரண்டு கார்டுகளும் வினாடிக்கு ஒருமுறை தரும் மின்துடிப்பை ஆசிலோஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறுவும் நாளில் இதைச் செய்துவிடலாம். அப்புறம் யார் செய்வார்கள்?

என் முடிவு பராமரிப்பில் வந்து நின்றது இதனால்தான். நெட்வொர்க் நிறுவியபடியே இருப்பதில்லை. ஒரு ஸ்விட்ச் பழுதாகும், அவசரத்துக்குக் கையில் கிடைத்த இன்னொன்றைச் செருகுவார்கள். 1588-இன் யுடிபி (சாதாரண ஐபி பாக்கெட் வகை) செய்திகள் அந்தப் புது ஸ்விட்ச் வழியாகவும் தாராளமாகப் போகும். எல்லா விளக்கும் பச்சை, நேரம் மட்டும் தவறு. டிரான்ஸ்பரன்ட் கிளாக் ஸ்விட்ச்களாகவே (தன்னுள் நேரச் செய்தி தங்கிய நேரத்தை அளந்து சொல்பவை) போட்டிருந்தாலும், நடுவில் சாதாரணமானது ஒன்று நுழைந்தால் இதே கதைதான்.

ஜிபிடிபியில் அப்படி நுழைய முடியாது. அதன் செய்திகள் போகும் முகவரி, விதிப்படி நடக்கும் எந்த பிரிட்ஜும் (ஸ்விட்சும்) முன்னனுப்பக் கூடாத முகவரி. எனவே நேரம் அறியாத ஸ்விட்ச் நடுவில் வந்தால் அந்தப் பக்கம் ஒத்திசைவு அறவே நின்றுவிடும். சில மலிவு ஸ்விட்ச்கள் விதியை மீறி அனுப்பிவிடும். அதற்கும் காவல் உண்டு. ஒவ்வொரு கருவியும் பக்கத்துக் கருவிக்கான தாமதத்தை அளந்துகொண்டே இருக்கும். செப்புக் கம்பியில் அது வழக்கமான 800 நானோ வினாடி வரம்பைத் தாண்டினால், அந்த இணைப்பையே நேரத்துக்குத் தகுதியற்றது என்று ஒதுக்கிவிடும். நூறு மீட்டர் கம்பிக்கே சுமார் அரை மைக்ரோ வினாடிதான் ஆகும் என்பதால் வரம்பு நியாயமானது. தவறான நேரத்தைவிட நேரமே இல்லை என்ற அலாரம் மேல். பின்னாளில் பராமரிப்பவருக்கு நாம் விட்டுப்போகக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். ஏழு தாவல்கள் (வழியில் கடக்கும் இணைப்புகள்) வரை ஒரு மைக்ரோ வினாடிக்குள் என்ற தரநிலையின் இலக்குகூட எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

செலவு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஸ்விட்சும் 802.1ஏஎஸ் தெரிந்ததாக இருக்க வேண்டும். ரவுட்டர் தாண்டாது. தாமதம் அதிகமுள்ள பிஎச்ஒய் சிப் (கம்பியில் சிக்னலை அனுப்பி வாங்கும் சிப்) இருந்தால் நல்ல இணைப்பையே 800 வரம்பு தள்ளிவிடும், அப்போது அந்த போர்ட்டுக்கு மட்டும் உயர்த்தலாம். கிராண்ட்மாஸ்டர், அதாவது மற்றவை பின்பற்றும் தலைமைக் கடிகாரம், யார் என்பதைத் தேர்தலுக்கு விடாமல் பிரையாரிட்டி எண் கொடுத்து நீங்களே தீர்மானித்துவிடுங்கள். பிடிபி ஓடுவது டிஏஐ காலத்தில், அதாவது லீப் வினாடி சேர்க்காத அணுக்கடிகார நேரத்தில். ஏதாவது ஒரு கருவி சரியாக 37 வினாடி விலகி நின்றால், டிஏஐயை யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றும் இடத்தைத்தான் முதலில் பாருங்கள்.

802.1ஏஎஸ்-இன் 2020 பதிப்பு பல டொமைன்களை (தனித்தனியே ஓடும் நேரக் குழுக்கள்) வைத்து மாற்றுக் கிராண்ட்மாஸ்டர் ஏற்பாடு தருகிறது. அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் பரிந்துரைக்க மாட்டேன். கட்டடங்களுக்கு இடையே நீண்ட ஃபைபர், ஏற்கெனவே இருக்கும் ரவுட்டர்கள் என்று உங்கள் அமைப்பு இருந்தால், பவுண்டரி கிளாக் ஸ்விட்ச்களோடு (தானே ஒத்திசைந்து, அடுத்த பக்கத்துக்குத் தானே நேரம் தருபவை) 1588 போவதே நடைமுறை. அப்படிப் போகிறவர்கள் ஒவ்வொரு ஸ்விட்ச் மாற்றத்துக்குப் பிறகும் ஆசிலோஸ்கோப் சோதனை கட்டாயம் என்று பராமரிப்புக் குறிப்பில் எழுதி வையுங்கள்.